தலைக்கு மேல் பதினைந்து விநாடி

பிப்ரவரி பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபத்தொரு நிமிடத்துக்கு, நிழலிலேயே முப்பத்தாறு டிகிரி வெப்பமும், அசையாத காற்றும், மேற்கு மூலையில் துடைக்க மறந்த ஒட்டடை போல ஒரே ஒரு மேகமும் இருந்த வேளையில், வெள்ளக்கரை சந்திப்பின் நிலைய அதிகாரி அமலோற்பவத்தின் தலைக்கு மேல், வகிட்டிலிருந்து சரியாக ஒரு சாண் உயரத்தில், பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. அந்தக் கணத்துக்குச் சற்று முன்புதான் பாயிண்ட்ஸ்மேன் காத்தமுத்து அவளிடம், "அம்மா, டீ சொல்லவா, காப்பி சொல்லவா?" என்று கேட்டிருந்தார். இருபத்தாறு வருடம் தண்டவாளத்தின் ஓரத்திலேயே நின்று பழகிய மனிதர் என்பதால், பச்சையைக் கண்டதும் மறுபேச்சில்லாமல் கொடியை எடுத்துக்கொண்டு நடைமேடைக்குப் போனார், கிழக்கேயும் மேற்கேயும் பார்த்தார், திரும்பி வந்தார்.

"வண்டி எதுவும் இல்லியேம்மா. யாருக்குக் குடுத்தீங்க?"

"எதை?"

"பச்சைய."

அவர் விரலை உயர்த்திக் காட்டிய இடத்தில் அப்போது ஒன்றுமில்லை. அமலோற்பவம் எழுந்துபோய்க் கைகழுவும் தொட்டியின் மேலிருந்த கண்ணாடி முன் நின்றாள். "எதாச்சும் கேளுங்க, பாப்போம்" என்றாள். காத்தமுத்து யோசித்து, "நாளைக்கு எனக்கு லீவு உண்டாம்மா?" என்று கேட்டார். பச்சை பத்து விநாடி எரிந்து மஞ்சளாயிற்று. மஞ்சள் மூன்று விநாடி எரிந்து சிவப்பாயிற்று. சிவப்பு இரண்டு விநாடி எரிந்து அணைந்தது. அணைந்ததும் அவளுடைய வலது கை, கண்ணுக்குத் தெரியாத எதையோ மேசைமேல் கவிழ்த்து வைப்பதுபோலத் தானாகப் புரண்டது. வாய் "இல்ல" என்றது. காத்தமுத்து, கேட்டிருக்க வேண்டாமென்று நினைத்துக்கொண்டார்.

விளக்கு எங்கிருந்து வந்தது என்பதில் அமலோற்பவத்துக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. அதே மூன்று நிறம், அதே பதினைந்து விநாடி, இருபத்து மூன்று நாட்களாக அவளுடைய கைபேசிச் சீட்டாட்டத்தில் எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளக்கரையில் நிலைய அதிகாரிகள் மூன்று பேர். ஓய்வு பெற ஒன்றரை வருடம் மீதமிருந்த பிச்சாண்டி. நாற்பத்தொன்பது வயது அமலோற்பவம். முப்பத்து நாலு வயது ஹபீப். பொங்கல் பிச்சாண்டிக்கு, கிறிஸ்துமஸ் அமலோற்பவத்துக்கு, ரம்ஜான் ஹபீபுக்கு என்று பண்டிகைகள் தாமாகவே பங்கு பிரிந்துகொண்டன. எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத மே மாதத்து ஐந்து நாள் விடுப்புதான் தகராறு. மூவரில் ஒருவர்தான் போகலாம். மற்ற இருவரும் அந்த ஐந்து நாளும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கோட்ட அலுவலகத்தில் எந்த அதிகாரி வந்தாலும், "நீங்களே பேசி முடிச்சு ஒரே பேரா எழுதி அனுப்புங்க" என்பதோடு தம் கடமையை முடித்துக்கொள்வார். ஆகவே மூவரும் ஏப்ரல் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று ரயில்வே இன்ஸ்டிடியூட்டின் பின்னறையில், பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கு இருநூறு புளியங்கொட்டை வைத்துக்கொண்டு போக்கர் ஆடினார்கள். எந்தக் காலத்திலோ ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட ஒரு ரயில் கார்டு, தம் தொப்பியையும் அந்த ஆட்டத்தையும் அங்கே விட்டுச் சென்றிருந்தார். கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஒவ்வொன்றாகத் திறக்கும் ஐந்து சீட்டு, ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்குக் குவியல். ஆனால் ஒன்றும் சேராதவரும் சேர்ந்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கொட்டையை அள்ளி முன்னே தள்ளினால், எதிரில் இருப்பவர் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிடக்கூடும். இதற்கு அவர்கள் உதார் என்று பெயர் வைத்திருந்தார்கள். யோசிப்பதற்குக் கால அளவு கிடையாது. ஒரு சரக்கு வண்டி வந்து, நின்று, எதிர் வண்டிக்கு வழி விட்டு, மறுபடி கிளம்பிப் போகும்வரை ஒரே சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அந்த மேசையில் உண்டு.

அந்த மேசையில் எட்டு வருடத்தில் ஆறு முறை அமலோற்பவம் வென்றாள். சீட்டில் அவளுக்குப் பெரிய அதிர்ஷ்டம் இருந்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்தாள். நல்ல சீட்டு வந்தால் பிச்சாண்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். உதார் விடும்போது துடைத்த கண்ணாடியையே மீண்டும் துடைப்பார். நல்ல சீட்டு வந்தால் ஹபீப் எச்சில் விழுங்க மறந்துபோவான். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. வென்ற ஆறு விடுப்பையும் வீட்டில் அலமாரி ஒழித்தும், திரைச்சீலை துவைத்தும் கழித்தாள். போவதற்கு அவளுக்கு இடமிருக்கவில்லை.

இடமில்லாமல் போனதும் அதே கண்ணால்தான். ஒன்பது வருடத்துக்கு முன்பு, தூத்துக்குடியில் தாயை அடக்கம் செய்த மூன்றாம் நாள், தாயின் சந்தன மணி ஜெபமாலையைக் காணவில்லை. கூடத்தில் உறவினர் இருபது பேர் அமர்ந்திருக்க, அமலோற்பவம் தன் அக்கா பிலோமினாவின் முகத்தை ஒரே ஒரு முறை பார்த்தாள். இடது உதட்டோரம் துடித்தது. "நீதான் எடுத்திருக்க" என்றாள், குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் குரலில். அன்றோடு பேச்சு நின்றது. இந்த ஜனவரியில் ஓர் அழைப்பிதழ் வந்தது: அக்காவின் மகன் ரெக்ஸ்லினுக்கு மே பன்னிரண்டில் பாதிரியாராகக் குருப்பட்டம். அச்சடித்த எழுத்துக்குக் கீழே, ஓரத்தில், பேனாவால் இரண்டே சொல் எழுதியிருந்தது. வந்தா வா.

ஆக, எட்டு வருடத்தில் முதல் முறையாக அமலோற்பவத்துக்கு அந்த விடுப்பு உண்மையிலேயே தேவைப்பட்டது. கேட்டிருந்தால் மற்ற இருவரும் கொடுத்திருப்பார்கள். ஆனால் தேவையை வெளியில் காட்டுவது என்பது சீட்டைத் திருப்பிக் காட்டுவதற்குச் சமம் என்று அவள் நம்பினாள். அதனால் பயிற்சி செய்ய முடிவெடுத்தாள். வழி காட்டியவன் ஹபீப்.

"அக்கா, நம்ம மேசையில வருஷம் முழுக்க ஆடினாலும் நூறு கை வராது. இதுல ஒரு நாளைக்கே ஆயிரம் கை ஆடலாம். காசு கெடையாது, வெறும் நட்சத்திரம்தான். உலகம் பூரா ஆள் இருக்கான்."

உலகம் முழுக்க ஆள் இருந்தது, முகம்தான் இருக்கவில்லை. கிளி, தொப்பி, சிங்கம், அன்னாசிப்பழம் என்று வட்ட வட்டமான படங்கள் சுற்றி அமர்ந்திருக்க, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு பச்சையிலிருந்து சிவப்புக்கு ஓடிற்று. கோடு முடிந்தால் கைபேசியே சீட்டைக் கவிழ்த்துவிடும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போனதால், நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் காத்திருந்தே கரைந்துபோனார்கள். பிழைக்க விரும்பியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் தள்ளினார்கள். தள்ளித் தோற்றால் ஐந்தாவது நிமிடம் வேறொரு போட்டி தொடங்கிற்று, இந்த முறை வேறு கிளி, வேறு அன்னாசிப்பழம். ஒரே மூன்று பேர் வருடக்கணக்காக எதிரெதிரே அமர்ந்து ஒருவர் செய்ததை ஒருவர் மறக்காமல் வைத்திருக்கும் மேசை ஒன்று உலகில் உண்டு என்பதை அமலோற்பவத்தின் விரல்கள் மெல்ல மெல்ல மறந்தன. இருபத்து மூன்று நாளில் பதினோராயிரம் கை ஆடினாள். நட்சத்திரம் குவிந்தது. இருபத்து நான்காம் நாள் விளக்கு எரிந்தது.

வெள்ளக்கரை ரயில்வே ஊர் என்பதால், ஒரு மனுஷியின் தலைக்கு மேல் விளக்கு எரிவதை யாரும் ஆராயவில்லை. அதற்குக் கீழ்ப்படிவதா வேண்டாமா என்பதை மட்டும் யோசித்தார்கள், அதையும் நெடுநேரம் யோசிக்கவில்லை. முடிவோ தீர்ப்போ கேட்டு யாராவது கேள்வி கேட்டால் எரியும். பதில் சொன்னால் அந்தக் கணமே அணையும். சொல்லாவிட்டால் பதினைந்தாவது விநாடியில் அணைந்து அவள் கை புரண்டு "வேண்டாம்" அல்லது "இல்லை" என்று வரும். சிவப்பு எரிந்த பின்பும் அவளிடம் நின்று வாதாட ஊரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. சிவப்பைக் கடப்பதைவிடப் பெரிய குற்றம் அந்த ஊரில் கொலை ஒன்றுதான், அதிலும் சிலருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது.

முதல் வாரத்திலேயே ஒரு சரக்கு வண்டி நின்றது. நடைமேடை ஓரத்தில் ஒரு பயணி அமலோற்பவத்திடம், மதுரை வண்டிக்கு இங்கே நிற்பதா அங்கே நிற்பதா என்று கேட்க, மஞ்சளைக் கண்ட ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, சிவப்பைக் கண்டு நிறுத்தி, அடுத்த பச்சைக்காக முப்பத்தெட்டு நிமிடம் காத்திருந்தார். அவ்வளவு நேரமும் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. அளவு நாடாவால் வகிட்டுக்கும் விளக்குக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தது. மேற்படி விளக்கு அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லை என்றும், எனினும் அதை அகற்றுவதற்கான படிவமும் இல்லை என்றும், மஞ்சளைக் கண்டு வேகம் குறைத்த ஓட்டுநர் பாராட்டுக்குரியவர் என்றும், மேற்படி அம்மாள் இனி வண்டிகள் வரும்போது கறுப்புக் குடை பிடித்திருக்க வேண்டும் என்றும் எழுதி, விளக்குக்கு இருபத்தேழு என்று எண் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிற்று.

எண் வந்த பின்பு ஊருக்கு இருந்த சிறு தயக்கமும் போயிற்று. எந்த முடிவும் எடுக்க முடியாமல் தவித்தவர்கள் குடைக்குக் கீழே வந்து நின்றார்கள். பெண் பார்த்துவிட்டு நாலு மாதமாக இழுத்தடித்தவனை அவனுடைய மாமன் சட்டைக் காலரைப் பிடித்து அழைத்து வந்து, "இவனுக்கு அந்தப் பொண்ணு சரிப்படுமா தாயி?" என்று கேட்டார், சிவப்பு விழுந்தது, "வேண்டாம்" வந்தது, அந்தப் பெண் அன்று மாலை கோயிலில் தேங்காய் உடைத்தாள். நிலையத்துக்கு வந்த கோரிக்கைகளெல்லாம் பதினைந்து விநாடியில் இல்லை என்று முடிந்ததால் கோப்புகள் குறைந்தன. கோட்ட அலுவலகம் அமலோற்பவத்துக்கு, விரைந்து முடிவெடுக்கும் அதிகாரி என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் அனுப்பிற்று. வீட்டில் அவள் கணவர் அருளப்பன் மின்சாரம் போன வேளையில் மட்டும் கேள்வி கேட்கப் பழகிக்கொண்டார்.

"அமலு, கத்திரிக்காயா, வெண்டைக்காயா?"

"ஏன் கேக்குறீங்க?"

"நீ சீக்கிரம் சொல்லிராத. என் கண்ணாடி இங்கதான் எங்கயோ கெடக்கு."

ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரியத்தைச் செய்தவன் ஹபீப். நிலைய எல்லைக்குள் எரியும் எந்த விளக்குக்கும் நேரம் குறிக்கப்பட வேண்டும் என்பது அவனுக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தந்த விதி. எண் இருபத்தேழு விளக்குக்கு ஒரு பதிவேடு திறந்தான். கேள்வி கேட்டவர், கேள்வி, எரிந்த விநாடி, நிறம், பதில் என்று ஐந்து கட்டம். அவனும் காத்தமுத்துவும் பிச்சாண்டியும் வண்டி நேரம் குறிப்பதுபோலத் தவறாமல் குறித்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பணியிலிருக்கும் அதிகாரி கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான பக்கங்களில் பணியிலிருந்த அதிகாரி அமலோற்பவம்தான். படிக்காமலே கையெழுத்திட்டாள். கீழே குனிந்து படிக்கும் பொறுமை அவளிடமிருந்து போய்விட்டிருந்தது.

போனது பொறுமை மட்டுமல்ல. யாரிடம் பேசினாலும் அவள் கண் எதிரிலிருப்பவரின் முகத்தைத் தாண்டி, நெற்றிக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் போய்விடும். அங்கே கோடு எதுவும் ஓடாததைக் கண்டு குழம்பும். கிளிகளும் அன்னாசிப்பழங்களும் அப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தன.

ஏப்ரல் மாதத்து இரண்டாம் ஞாயிறு வந்தது. காத்தமுத்து சீட்டைக் கலைத்தார். அமலோற்பவம் குடையோடு அமர்ந்தாள்.

"குடைய மடக்கும்மா, மேசைக்கு வெளிச்சம் மறைக்குது" என்றார் பிச்சாண்டி.

மடக்கினாள். அது ஆட்டத்தின் முதல் தவறு. முதல் அரை மணி நேரத்தில் அவள் ஒன்பது முறை கொட்டையைத் தள்ளினாள். முன்பெல்லாம் ஒரு மாலைக்கு ஒன்பது முறை தள்ளியதில்லை.

"அண்ணாச்சி, எவ்ளோ நேரம் யோசிப்பீங்க?" என்றாள்.

"எனக்கென்ன வண்டியா வருது? அடுத்தது ஏழே காலுக்குத்தான்" என்று பிச்சாண்டி சட்டைப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போட்டு, மென்று, அதன் பிறகு சீட்டைப் பார்த்தார். அந்த நேரத்துக்குள் கைபேசியில் இரண்டு போட்டி முடிந்திருக்கும். அமலோற்பவத்தின் கட்டைவிரல் மேசைத் துணியைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஹபீப் ஐந்து மணிக்கே கொட்டை தீர்ந்து வெளியேறி, முறுக்குத் தின்றபடி வேடிக்கை பார்த்தான்.

கடைசிக் கையில் மேசைமேல் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் மூன்று, கிளாவர் ஒன்பது, இஸ்பேட் ஜாக்கி, டைமண்ட் இரண்டு திறந்திருந்தன. அமலோற்பவத்தின் கையில் ஆர்ட்டின் எட்டும் ஐந்தும். இன்னொரு ஆர்ட்டின் வந்து ஐந்தும் ஒரே இனமாகியிருந்தால் குவியல் அவளுடையது, வரவில்லை, கையில் ஒன்றுமில்லை. காத்தமுத்து, "அம்மா, என்ன செய்றீங்க?" என்று கேட்டார். பச்சை எரிந்த மாத்திரத்தில் அணைந்தது. தன்னிடமிருந்த நூற்று எண்பது கொட்டையையும் அவள் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டிருந்தாள். பிச்சாண்டியின் மூக்குக் கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே அசையாமல் இருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை, துடைத்ததை மறுபடி துடைக்கவுமில்லை. அவரிடம் இருப்பது பயமுறுத்தினால் ஓடிப்போகும் நடுத்தரச் சீட்டு என்பதை எட்டு வருடத்து அமலோற்பவம் கண்டிருப்பாள். நிதானமாகக் காத்திருந்து அவரை ஓட வைத்திருப்பாள். இந்த அமலோற்பவம் அவருடைய வழுக்கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு விநாடி" என்றார் பிச்சாண்டி.

"யோசிங்க, யோசிங்க."

"யோசிக்க நேரம் கேக்கல. உன் வெளக்கு எரிஞ்ச நேரத்தச் சொன்னேன்." அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "பதிவேட்டுல நானூத்திப் பதினாறு பதிவு இருக்கு. நெசம் சொல்லும்போதெல்லாம் உனக்கு ஏழு எட்டு விநாடி ஆகுது. அருளப்பன் இங்க சோறு கொண்டாந்து குடுத்துட்டு, சாப்பாடு எப்படின்னு கேட்டாரு. பிரமாதம்ன, ஒரு விநாடி. இன்ஸ்பெக்டர் எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாரு. சரியா இருக்குன்ன, ஒரு விநாடி. கீழ நீயே கையெழுத்தும் போட்டிருக்க." அவர் கொட்டையை முன்னே நகர்த்தி, சீட்டைத் திருப்பினார். இஸ்பேட் ஒன்பதும் டைமண்ட் ராணியும். மேசையிலிருந்த ஒன்பதோடு சேர்ந்து ஓர் அற்ப ஜோடி. அந்த அற்ப ஜோடிக்கு மே பத்து முதல் பதினான்குவரை ஐந்து நாளும் கிடைத்தன.

அமலோற்பவத்தின் கட்டைவிரல், ஐந்து நிமிடத்தில் அடுத்த போட்டி தொடங்கும் என்ற நினைப்பில், துணியின்மேல் எதையோ தேடி அழுத்திற்று. அடுத்த போட்டி அடுத்த வருடம் ஏப்ரலில்.

மே பன்னிரண்டில் தூத்துக்குடியில் ஆயர் ரெக்ஸ்லினின் தலைமேல் கைவைத்த நேரத்தில், அமலோற்பவம் குடையின் கீழ் நின்று ஒரு சிமென்ட் வண்டிக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் ரெக்ஸ்லினே கூப்பிட்டான். "சித்தி, என்னைய வடக்க ஒரு பங்குக் கோயில்ல போட்டுருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் அந்த வழியாத்தான் வாறோம். அம்மாவும் கூட வாறா. எஸ் நாலு. ஒங்ககிட்ட சொன்னதா அவகிட்ட சொல்லிராதீங்க."

வண்டி மாலை ஆறு பத்துக்கு வந்தது. வெள்ளக்கரையில் இரண்டு நிமிடம் நிற்கும். அமலோற்பவம் ஏறக்குறைய ஓடினாள். ஓடும் வழியில் யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று யாரையும் பார்க்காமல் ஓடினாள். எஸ் நாலின் மூன்றாவது ஜன்னலில் வெள்ளை அங்கியும், கழுத்தில் சந்தன மாலையுமாக ரெக்ஸ்லின் உட்கார்ந்திருந்தான். கம்பிகளுக்கு இடையே கையை நீட்டினான்; புதுக் குருவின் உள்ளங்கையை முத்தமிடும் வழக்கப்படி அவள் குனிந்து முத்தமிட்டாள். பக்கத்தில் பிலோமினா.

"கொடை எதுக்குட்டி? மழையா பெய்யுது?"

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அக்கா சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அமலோற்பவம் குடையை மடக்கினாள்.

"பட்டத்துக்கு வரலியே நீ."

"லீவு கெடைக்கலக்கா."

"சொந்த அக்கா மவன் பட்டத்துக்குக் கூடவா ரயில்வேல லீவு தர மாட்டான்?"

"தருவாங்க. நாந்தான் தோத்துட்டேன்."

"எதுல?"

"சீட்டுல."

பிலோமினா மகனைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள். "சீட்டாடியா எம் பிள்ள பட்டத்துக்கு வரப் பாத்த?" என்றாள். ரெக்ஸ்லின் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான். பிலோமினா ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கேன். அம்மையோட செபமாலைய நாந்தான் எடுத்தேன்னு இன்னமும் நெனைக்கியா?"

பச்சை எரிந்தது. பிலோமினா அண்ணாந்து அதைப் பார்த்தாள், ரெக்ஸ்லின் முன்பே சொல்லி வைத்திருந்தான் போலும், ஒன்றும் கேட்கவில்லை. அமலோற்பவத்தின் கண் பழக்கப்படி அக்காவின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் போயிற்று. அங்கே மின்விசிறியின் அடிப்பக்கமும் துரும்பும் தவிர ஒன்றுமில்லை. போவதற்கு வேறு இடமில்லாமல் அது மெல்லக் கீழே இறங்கி, மூன்று மாதத்தில் முதல் முறையாக ஒரு முகத்தின் மேல் வந்து நின்றது. நரைத்துவிட்ட புருவம்; முன்பல் ஒன்று இல்லை; கன்னம் உள்வாங்கியிருந்தது. இடது உதட்டோரத்தைத் தேடினாள். அது அசைந்தது. ஆனால் ஜன்னல் கம்பியும் அசைந்தது, ரெக்ஸ்லினின் மாலையும் அசைந்தது. நின்றுகொண்டிருந்த வண்டி முழுவதுமே அதிர்ந்துகொண்டிருந்தது. துடித்தது உதடா, வண்டியா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. அவளுடைய அந்தக் கண் போய்விட்டது. பதினோராயிரம் கையில் எங்கோ போய்விட்டது. மாலையின் சந்தன மணம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. மஞ்சள் எரிந்தது.

நடைமேடையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சிவப்பு எரிந்ததும் காத்தமுத்து கொடியைத் தாழ்த்தினார். வடை விற்பவர் கூடையை இறக்கி வைத்தார். சிவப்பு அணைந்தது. அமலோற்பவத்தின் வலது கை புரளத் தொடங்கிற்று. அவள் அதை ஜன்னல் கம்பியில் கோத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

சிவப்புக்குப் பிறகு என்ன வரும் என்று வெள்ளக்கரையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பதினாறாவது விநாடி வந்தது. பதினேழு வந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை சற்று நேரம் துள்ளிவிட்டு, களைத்த மீனைப்போல அடங்கிற்று. பின்பெட்டியிலிருந்து கார்டு விசில் ஊதினார், மறுபடி ஊதினார். கொடி காட்ட வேண்டியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று.

"தெரியலக்கா" என்றாள்.

"தெரியலியா?"

"தெரியல."

பிலோமினா அவளை நெடுநேரம் பார்த்தாள். "பொறந்ததுல இருந்து ஒனக்குத் தெரியாததுன்னு ஒண்ணுமே கெடையாதேட்டி" என்றாள். பிறகு கம்பியைப் பிடித்திருந்த கையின் மேல் தன் கையை வைத்து, "இது போதும். போ, வண்டிய விடு. எல்லாரும் நம்மளயே பாக்கானுவ" என்றாள்.

வண்டி நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

மறுநாள் காலை, பொழுது விடிந்தபோது வானம் மூடியிருந்தது, மழை வரவில்லை. ஹபீப் எண் இருபத்தேழு விளக்கின் பதிவேட்டைத் திறந்து, கேள்வி கேட்டவர் கட்டத்தில் சகோதரி என்றும், நிறம் என்ற கட்டத்தில் சிவப்பைக் கடந்தார் என்றும் எழுதி, வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஓரத்தில் சேதம் இல்லை என்று சேர்த்தான். விடுப்பின் ஐந்து நாளையும் பக்கத்து ஊர் ரயில் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து வண்டி பார்த்தே கழித்திருந்த பிச்சாண்டி பணிக்குத் திரும்பி, அந்தப் பதிவைப் படித்துவிட்டு, காத்தமுத்துவிடம் விவரம் கேட்டறிந்து, "சொல்லியிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே" என்று யாருமில்லாத அறையைப் பார்த்துச் சொன்னார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததை மறுபடி துடைத்தார். அருளப்பன், இரவு முழுக்க மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, டார்ச் விளக்குக்கு பேட்டரி வாங்கப் போனார். அமலோற்பவம் காலை ஆறு மணிக்குப் பணி முடித்துச் செல்லுமுன், தாமத அறிக்கையில், மாடு குறுக்கிட்டது, சங்கிலி இழுக்கப்பட்டது என்றெல்லாம் வழக்கமாக எழுதப்படும் காரணக் கட்டத்தில், நிலைய அதிகாரி யோசித்துக்கொண்டிருந்தார் என்று எழுதினாள். அப்போது காத்தமுத்து வந்து, "அம்மா, டீயா, காப்பியா?" என்று கேட்டார். பச்சை எரிந்து, மஞ்சள் எரிந்து, சிவப்பு எரிந்து, அணைந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்தமுத்து முதலில் நின்றார், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார், ஒரு சரக்கு வண்டி வந்து போயிற்று, அதன் பிறகு அவள் "காப்பி" என்றாள்.

வடக்கே, பெயர் புதிதான ஒரு பங்கில், ரெக்ஸ்லின் தன் முதல் காலைத் திருப்பலியைக் கொஞ்சம் தடுமாறி நிறைவேற்றினான். முன்வரிசையில் முழங்காலிட்டிருந்த பிலோமினா, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சிறு துணிப் பையை எடுத்து அவிழ்த்து, ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, தாயின் சந்தன மணி ஜெபமாலையை வெளிச்சத்தில் வைத்து உருட்டினாள்.